குவாமே எந்த மேசையில் சாப்பிடுகிறான்?

போன ஞாயிறு காலை, எங்கள் ஊர்ச் சங்கம் நடத்தும் கால்பந்துப் போட்டிக்காக லண்டன் மோர்டன் மைதானத்தில் நான் இருந்தேன். நான் பயிற்சி கொடுக்கும் பதினாறு வயதுக்குட்பட்ட அணியின் ஏழு பையன்கள் இருந்தார்கள். சங்கச் செயலாளர் ரவி அண்ணை பெயர்ப் பட்டியலோடு நின்றார். பையன்களின் அப்பாமார் ஒருவரும் வரவில்லை. கடை, டெலிவரி, ஷிப்ட்... ஞாயிறு யாருக்கு லீவு?

ஏழு பேரில் ஆறு பேர் தமிழ்ப் பையன்கள். ஏழாவது குவாமே — கானாக்காரன், அவர்களோடு ஒரே வகுப்பு, எங்கள் கோல்கீப்பர். போட்டிப் படிவத்தில் அவன் பெயரை எழுதியவன் நான்தான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் என்பதால், படிவம் என்று எது வந்தாலும் என் பக்கம்தான் தள்ளுவார்கள். பின்பக்கத்து விதியையும் வாசித்தேன்: ஊரவர் பிள்ளைகள் மட்டும். யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

ரவி அண்ணை பார்த்தார்.

"தம்பி, இந்தப் பிள்ளையை விளையாட விட ஏலாது. இது எங்கட ஊர்ப் போட்டி."

"மூண்டு மாசமா எங்களோட பயிற்சி எடுக்கிறான், அண்ணை."

"ஓம், நல்லாப் பிடிக்கிறான். நானும் பாத்தனான். ஆனா இண்டைக்கு இவனை விட்டா, நாளைக்கு மற்ற டீம் பிரேசில்காரனை இறக்கும்."

கேப்டன் ஆருஷன் குறுக்கே வந்தான். "இவன் இல்லையெண்டா நாங்களும் இல்லை, அங்கிள்."

"யோசிச்சுச் சொல்லும். கட்டின காசு திரும்பி வராது."

ஆறு பேரும் பூட்ஸைக் கழற்றினார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பத்திரிகைக்கு எழுதும் இந்தப் பத்தியின் முதல் வரியைக்கூட மனதில் எழுதிவிட்டேன்.

பஸ் நிறுத்தத்தில் குவாமேதான் அதைக் கெடுத்தான். கோபமே இல்லாமல் ஆருஷனைக் கேட்டான். பேச்சு ஆங்கிலம், தமிழ் என்னுடையது.

"எனக்காக மேட்சை விட்டீங்க. தாங்க்ஸ். ஆனா ஸ்கூல்ல நாலு வருஷமா ஒருநாளாவது என்னைச் சாப்பிடக் கூப்பிட்டீங்களா?"

ஆறு பேரில் இன்னொருவனான நிலவன் சமாளித்தான். "வரவேண்டாம்னு யாரும் சொல்லலையே, ப்ரோ. நீயும் உன் ஆக்களோடதானே உட்காருறே?"

"அங்கேதான் கேட்காமலே இடம் கிடைக்குது."

அந்த டைனிங் ஹால் எனக்குத் தெரியும் — நானும் அதே பள்ளிதான். ஜன்னலோரம் தமிழ் மேசை. கதவுப் பக்கம் ஆப்பிரிக்கப் பிள்ளைகள். நடுவில் வெள்ளைக்காரர்கள், அப்பால் போலந்து. எந்த ஆசிரியரும் பிரித்து வைக்கவில்லை. முதல் நாள் தெரிந்த முகம் தேடி உட்காருகிறோம். அந்த முதல் நாள்தான் வருடக்கணக்கில் நீள்கிறது. நான் ஏழு வருடமும் ஜன்னலோரம்தான் சாப்பிட்டேன். பிறகு ரவி அண்ணை மேல் எனக்கு என்ன கோபம்? அவர் விதியை எழுதி வைத்திருக்கிறார். நாங்கள் எழுதவில்லை — வித்தியாசம் அவ்வளவுதான்.

திங்கள் மாலை பயிற்சிக்கு வந்த நிலவனிடம் விசாரித்தேன்.

"இண்டைக்கு லஞ்சுக்கு ஆருஷன் மட்டும் குவாமேட மேசைக்குப் போனவன், அண்ணா. நாங்க போகேல்லை. எல்லாரும் பாப்பாங்கள்."

முழு மைதானமும் பார்க்கப் பூட்ஸைக் கழற்றியவன் சொல்கிறான்!

கதவுப் பக்க மேசையில் முதலில் யாரும் நகரவில்லையாம். ஆருஷன் தட்டோடு நின்றிருக்கிறான். குவாமே பக்கத்து இருக்கையிலிருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்திருக்கிறான். பிறகு இருவரும் ஒரே தட்டிலிருந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

ஆன செலவு: ஒரு பிளேட் சிப்ஸ், இரண்டு பவுண் பத்து பென்ஸ்.