மூச்சுக்காரரின் கழுத்து

எங்கள் ஸ்கேன் சென்டரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூச்சுக்காரர் என்றால்தான் வாட்ச்மேனுக்கே தெரியும். வயிற்று ஸ்கேனுக்கு வருகிறவர்களிடம், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மைக்கில், "மூச்சை இழுங்க... அப்படியே பிடிங்க... இப்ப விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவர். அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே வார்த்தைகளை நானும்தான் சொல்கிறேன். நான் சொன்னால் பாதிப் பேர் பிடிக்க வேண்டிய நேரத்தில் விட்டு, விட வேண்டிய நேரத்தில் இருமுவார்கள். அவர் சொன்னால் பக்கத்தில் சும்மா நிற்கிற நான்கூட மூச்சைப் பிடித்துவிடுவேன். அப்படி ஒரு குரல்.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் என்பது ஒரு பெரிய காந்தம். நடுவில், ஓர் ஆள் படுத்தபடி உள்ளே போகிற அளவுக்கு ஒரு குழாய். வலி கிடையாது. ஆனால் மூக்குக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கூரை, காதைப் பிளக்கிற சத்தம், இம்மியும் அசையக்கூடாது என்கிற கட்டளை. மீசையை முறுக்கிக்கொண்டு உள்ளே போனவர்கள் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே வந்ததுண்டு. அவர்களை மறுபடி படுக்கவைக்க மூச்சுக்காரரிடம் இரண்டு வித்தைகள் இருந்தன. ஒன்று, கையில் ஒரு ரப்பர் பந்து. "பயமா இருந்தா இதை அமுக்குங்க, இங்க மணி அடிக்கும், உடனே வெளியே எடுத்துடுறேன்." இன்னொன்று, எவ்வளவு நேரம் பாக்கி இருந்தாலும், "இன்னும் ரெண்டே நிமிஷம்."

அந்த மணி எப்போதோ கெட்டுப்போனது. நிர்வாகத்திடம் கரடியாய்க் கத்திப் பார்த்தேன், செவிடன் காதில் ஊதிய சங்குதான். கண்ணாடி வழியாகக் காலைப் பார்த்துக்கொள்வோம், கால் உதறினால் நிறுத்திவிடுவோம். இரண்டு நிமிஷம் என்பது ஐந்தாகவும் இருக்கும், இருபதாகவும் இருக்கும். "ஏண்ணே இப்படி வாய் கூசாம புளுகுறீங்க?" என்று கேட்டால், "கையில ஏதாவது ஒண்ணு இருக்கணும்மா, காதுல ஏதாவது ஒண்ணு விழணும். அவ்வளவுதான் மனுஷன்" என்பார்.

போன வருஷம் அவர் கை தடுமாற ஆரம்பித்தது. டீ கிளாஸ் நழுவும். ஊசி மருந்தின் மூடியைத் திறக்க என்னிடம் நீட்டுவார். நடந்து வரும்போது ஒரு கால் செருப்பு வழியிலேயே கழன்று கிடக்கும், அவர் பாட்டுக்கு வெறுங்காலோடு வந்து நாற்காலியில் உட்காருவார். நான்தான் எடுத்துக்கொண்டு போய்ப் போடுவேன். "செருப்பு லூசும்மா" என்பார். புதுச் செருப்பு வாங்கினார். அதுவும் லூஸ் என்றார்.

அவர் மனைவி தையல் கடை வைத்திருப்பவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஒரு நாள் சென்டருக்கு வந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பட்டன் போட முடியலைம்மா அவருக்கு. எல்லாச் சட்டைக்கும் காஜாவைப் பெரிசாக்கித் தைச்சுக் குடுத்துட்டேன். அதுலயும் முடியலை. கேட்டா வயசாச்சுங்கிறார். ஐம்பது ஒரு வயசா?" அன்றைக்கே நான் அவரைத் தள்ளாத குறையாக மாடியில் உட்காருகிற நரம்பு அறுவை டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டர் அவருடைய நடுவிரல் நகத்தைச் சுண்டினார். சுண்டியது நடுவிரலை, சுருண்டது கட்டைவிரல். முட்டியில் சுத்தியலால் தட்டினார், கால் உதைத்த வேகத்தில் டாக்டர் ஒதுங்கிக்கொண்டார். பிறகு கோடு போட்டதுபோல ஒரே நேராக நடக்கச் சொன்னார். நடக்க வரவில்லை.

"கழுத்து வலிக்குதா?" என்று கேட்டார் டாக்டர்.

"கொஞ்சம்கூட இல்லை டாக்டர்."

"இதுல அதான் கெட்ட குணம். பல பேருக்கு வலிக்காது. கழுத்தெலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி வட்டு இருக்கு. அது பின்னால பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்குதுன்னு நினைக்கிறேன். ரப்பர் குழாய் மேல காலை வெச்சா தண்ணி நிக்குமில்ல, அதுமாதிரி கைகால்ல பலமும் உணர்ச்சியும் குறையும். காலை எடுத்துட்டா தண்ணி திரும்ப வரும். ரொம்ப நாள் மிதிச்சுக்கிட்டே இருந்தா குழாயே வீணாயிடும், அப்புறம் காலை எடுத்தும் பிரயோஜனம் இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்க, எந்த இடம்னு பாத்து அந்த வட்டை எடுத்துடலாம். உங்களுக்கென்ன, உங்க கடைச் சரக்கு."

மூச்சுக்காரர் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "எக்ஸ்ரே போதாதா டாக்டர்?" என்றார். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், தண்டுவடம் தெரியாது. அது எனக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா? எடுத்துப் பார்த்தார், எலும்பு தேய்ந்திருந்தது. சி.டி. எடுத்தார். அதிலும் எலும்புதான் பளிச்சென்று தெரிந்தது, நசுங்குவது தெரியவில்லை. கை நரம்பில் மின்சாரம் வைத்துப் பார்க்கிற பரிசோதனைக்கும் போய் வந்தார். எல்லாம் செய்தார், தினமும் ஏழெட்டுப் பேரை உள்ளே தள்ளுகிற அந்த ஒரே ஒரு குழாயை மட்டும் சுற்றிச் சுற்றி வந்தார். இன்றைக்குக் கூட்டம், நாளைக்கு ஜலதோஷம், அடுத்த வாரம் பார்க்கலாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஊருக்குத்தான் உபதேசமா?

அண்ணிதான் கடைசியில் போட்டு உடைத்தார். "அவரு லிஃப்ட்ல ஏறி நீ பாத்திருக்கியாம்மா? வீட்டுல பாத்ரூம் தாப்பாள் போட மாட்டார். கதவுப் பக்கம்தான் படுப்பார். பஸ்ஸுல ஜன்னல் சீட் இல்லைன்னா அடுத்த பஸ். கல்யாணம் ஆனதுல இருந்து இப்படித்தான். வெளியே சொன்னா கொன்னுடுவேன்னு சத்தியம் வாங்கியிருக்கார்." காரணம் உண்டா என்று கேட்டேன். ஒரு காரணமும் இல்லை என்றார். சிலருக்குப் பல்லி, இவருக்குப் பூட்டிய இடம்.

நான் போய் நேராகவே கேட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. "இத்தனை வருஷம் எத்தனை பேரை உள்ளே தள்ளியிருக்கேன். இப்ப நானே அலறினா வாட்ச்மேன்கூடச் சிரிப்பான்" என்றார். "சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான், கால் போனா அவனா தூக்கிக்கிட்டுப் போவான்?" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். அந்த வாரமே சென்டர் படியில் தடுக்கி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மண்டை உடையாமல் தப்பியது அதிர்ஷ்டம். டாக்டர் இந்தமுறை வேடிக்கை பேசவில்லை. "இன்னொரு தடவை விழுந்தா சக்கர நாற்காலியிலதான் மிச்ச நாள். படம் இல்லாம நான் கத்தியைத் தொட மாட்டேன்" என்று ஒரே போடாகப் போட்டார்.

மயக்கம் கொடுத்து எடுக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள், நாங்களும் கேட்டோம். இவர் குறட்டை விடுகிறவர், குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருகிறவர். அப்படிப்பட்டவருக்கு மயக்கம் கொடுப்பதென்றால் பெரிய ஆஸ்பத்திரியில்தான். அங்கே வரிசை மாதக்கணக்கில் நீண்டுகிடந்தது. ஒரு சின்ன மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு ஆந்தை மாதிரி விழித்துக்கொண்டு வந்தார்.

கட்டிலில் படுக்கவைத்தேன். கழுத்து ஸ்கேன் என்பதால் முகத்துக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கூண்டை வைத்துப் பூட்ட வேண்டும். பழக்கதோஷத்தில் ரப்பர் பந்தை எடுத்துக் கையில் வைத்தேன். தூக்கி எறிந்தார்.

"யாருகிட்ட?" என்றார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

உள்ளே அனுப்பினேன். முதல் சத்தம் தொடங்கியதும் கால் துடிப்பது தெரிந்தது. எனக்குப் பதற்றம். மைக்கை அமுக்கி, "இன்னும் ரெண்டே நிமிஷம்ணே" என்று சொல்லித் தொலைத்தேன். உள்ளேயிருந்து ஒரு கத்தல்: "பொய்! இது முதல் படம்! எடு, என்னை வெளியே எடு!" கூண்டில் தலையை மோதுகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய் வெளியே இழுத்தேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. எந்தச் சத்தத்துக்கு அடுத்து எந்தச் சத்தம், எது எவ்வளவு நேரம் என்று அவருக்கு மனப்பாடம். உலகத்தில் எல்லாரையும் தேற்ற முடியும், தேற்றுவதையே தொழிலாகச் செய்கிறவனைத் தேற்றுவது எப்படி? மூலையில் உட்கார்ந்து, "என்னால முடியாதும்மா. நான் நாற்காலியிலயே இருந்துட்டுப் போறேன்" என்று விசும்பினார். அந்தக் குரலில் அப்படி ஒரு உடைசலை நான் கேட்டதே இல்லை.

வெளியே இருந்த அண்ணி கதவைத் திறந்துகொண்டு வந்தார். காந்தத்துக்கு ஆகாதென்று வாசலிலேயே தலை ஊசி, வளையல், எல்லாவற்றையும் கழற்றி என் கையில் கொட்டினார். "எழுந்திருங்க. நான் கால்மாட்டுல நிக்கிறேன். கடைசி வரைக்கும் உங்க காலைப் பிடிச்சுக்கிறேன். கை பட்டுக்கிட்டே இருக்கிற வரைக்கும் கதவு திறந்திருக்குன்னு நினைச்சுக்குங்க."

அவர் அண்ணியையே பார்த்தார். பிறகு என்னிடம், "நீ புளுகாதே. எத்தனையாவது படம்னு மட்டும் சொல்லு" என்றார்.

மறுபடி பூட்டினேன். அண்ணி குனிந்து அவருடைய பாதங்களை இரண்டு கையாலும் பிடித்தார். கட்டில் உள்ளே போனது. "இது ஒண்ணாவது. மொத்தம் ஆறு" என்றேன். சத்தம் தொடங்கியது. "ரெண்டு முடிஞ்சுது, நாலு பாக்கி." அவர் எச்சில்கூட விழுங்கக் கூடாது, விழுங்கினால் படம் கலங்கிவிடும். விழுங்கவில்லை. நாலாவதில் திரையில் கழுத்து தெளிவாக வந்தது. படத்தைப் படிப்பது டாக்டர் வேலை. ஆனால் இத்தனை வருஷம் பார்த்த கண். இரண்டு இடத்தில் வட்டு பிதுங்கி, தண்டுவடம் பட்டையாக நசுங்கியிருந்தது. மைக்கில், "அஞ்சாவது, நல்லா இருக்கீங்கண்ணே" என்றேன். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டேன்.

ஆறும் முடிந்தது. ஓடிப்போய்க் கட்டிலை வெளியே எடுத்தேன். கூண்டைத் திறப்பதற்குள் அவரே பேசினார். கண் மூடியிருந்தது, முகத்தில் ஒரு பெருமை.

"ஏம்மா, நீ எப்ப வெளியே போனே?" அண்ணியைத்தான் கேட்டார். "ஆரம்பத்துலேயே கையை எடுத்துட்டுப் போயிட்டே. நான் தனியாவே முடிச்சுட்டேன், பாத்தியா?"

அண்ணியின் கைகள் அவர் பாதத்தில்தான் இருந்தன. நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்திப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்து, சொல்லாதே என்று தலையசைத்தார்.

"தாகமா இருந்துச்சுங்க" என்றார். "தண்ணி குடிக்கப் போனேன்."

நான் கூண்டைத் திறந்தேன். அவர் தலையைத் தூக்கிக் கால் பக்கம் பார்த்தார். அண்ணி கையை எடுத்திருக்கலாம். எடுக்கத் தோன்றவில்லை.

"அழுத்து" என்றார் அவர்.

அண்ணி அழுத்தினார்.

"இன்னும் நல்லா."

அண்ணி தன் பாரம் முழுவதையும் கையில் போட்டு அழுத்தினார். அவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணில் நீர் முட்டி நின்றது. பிறகு என் பக்கம் திரும்பி, "டாக்டருக்குப் போன் போடும்மா" என்றார். "ஆபரேஷன் நாளைக்கே முடியுமான்னு கேளு."