கழுவக் கூடாத அழுக்கு

எனக்கு அழுக்கு என்றால் ஆகவே ஆகாது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளங்காலையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவரோ, குளித்த துண்டைக் கட்டில்மேல் போடுகிற மனுஷன். ஈரத் துண்டை! கல்யாணமான நாளிலிருந்து கத்துகிறேன், துண்டு இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

ஆனால் அதே மனுஷன் கூடத்து மீன் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் அழகே தனி. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபில்டருக்கு. முதலில் பிளக்கைப் பிடுங்குவார். தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து, ஃபில்டர் ஸ்பாஞ்சை அதில் இரண்டு முறை பிழிவார். அவ்வளவுதான். வெள்ளைப் பஞ்சை மாற்றுகிற மாதம் ஸ்பாஞ்சைத் தொடமாட்டார். ஸ்பாஞ்ச் கிழிந்துபோனால் பாதியை மட்டும் வெட்டி மாற்றிவிட்டு, பழைய பாதியை ஒரு மாதம் உள்ளேயே விட்டுவைப்பார். "கழுவுறதுன்னா ஒழுங்கா கழுவுங்களேன்" என்று நான் முணுமுணுத்தால் சிரிப்பார். எதற்கு என்று நானும் கேட்டதில்லை.

தொட்டியில் ஒரே ஒரு மீன். ஆரஞ்சு நிறப் பேரட் மீன். சுங்கை வே வட்டாரத்தில் இவர் வேலை செய்த தொழிற்சாலையை மூடிய வருஷம் வாங்கி வந்தது. வேலை போனதும் நாலு மாதம் இவர் கூடத்து நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். சண்டையில்லை, சச்சரவில்லை, பேச்சே இல்லை. எதைக் கேட்டாலும் "ம்". வீட்டில் ஆள் இருந்தும் இல்லாத மாதிரி இருந்தது அந்த நாலு மாதமும். பிறகு ஒருநாள் இந்தத் தொட்டியோடும் மீனோடும் வந்து நின்றார். அதற்காகக் காலையில் எழுந்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சும் வந்தது. அந்த மீன்தான் என் புருஷனைத் திருப்பிக் கொடுத்தது என்று நான் நம்பினேன்.

போன தீபாவளிக்கு முன்னால், புது கம்பெனி வேலையாக இரண்டு வாரம் பினாங்குக்குப் போனார். நான் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்தேன். காற்றாடி, திரைச்சீலை, அலமாரி எல்லாம் முடிந்ததும் கண் ஃபில்டர்மேல் விழுந்தது. மூடியைத் திறந்தால், ஐயோ, காப்பிக் கசடு மாதிரிச் சேறு! இதிலா அந்த ஜீவன் மூச்சு விடுகிறது? பஞ்சையும் ஸ்பாஞ்சையும் குப்பையில் போட்டேன். அடியில் கிடந்த பீங்கான் வளையங்களைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுத் தேய்த்தேன். இவர் வாங்கி வைத்திருந்த புதுப் பஞ்சையும் ஸ்பாஞ்சையும் வைத்தேன்; எல்லாம் புதுசு, எல்லாம் வெள்ளை. வந்து பார்த்து அசந்துபோவார் என்று எனக்குப் பெருமை வேறு.

மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்ததுபோல் ஆகிவிட்டது. மீன் மேலே வந்து வாயை வாயைத் திறந்தது. மீன் செத்தால் வேறு மீன் கிடைக்கும். அந்த நாற்காலியில் இவர் மறுபடி போய் உட்கார்ந்தால் நான் என்ன செய்வேன்?

போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். போச்சு, திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"பழைய ஸ்பாஞ்ச் எங்கமா?"

"குப்பை லோரி எடுத்துட்டுப் போயிருச்சுங்க."

"சரி, பரவால்ல. இன்னைக்கு சாப்பாடு போடாத. குழாத் தண்ணியில ஆன்டி குளோரின் மருந்தை ஊத்தி வாளியில ரெடி பண்ணு, தொட்டியில கால்வாசி மாத்து. தினமும் மாத்தணும். அப்புறம் கீழ சாப்பாட்டுக் கடை அண்ணே இருக்காருல்ல, அவரோட தொட்டியில இருந்து ஒரு அழுக்கு ஸ்பாஞ்ச் கேளு. கழுவாத மா, காயவும் விடாத."

"அழுக்கையா கேட்கச் சொல்றீங்க?"

"அந்த அழுக்குலதான் நல்ல கிருமி இருக்கு. மீன் போடுற கழிவு விஷமாகாம அதுதான் பார்த்துக்குது. அதைத்தான் நீ கழுவிட்ட."

ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தண்ணீரை மாற்றிவிட்டுக் கீழே ஓடினேன். கல்லாப்பெட்டி பக்கத்தில் தொட்டி வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணனிடம், ரொட்டிச் சானாய் சாப்பிட உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு நடுவே நின்று, "அண்ணே, உங்க ஃபில்டர்ல உள்ள அழுக்கு கொஞ்சம் வேணும்" என்றேன். நான்! யார் வீட்டிலும் தம்ளரைத் துடைக்காமல் தண்ணீர் குடிக்காதவள்!

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எடுத்துட்டுப் போங்க லா அக்கா, இது உங்க வீட்டு அழுக்குதான். நான் தொட்டி வெச்சப்போ மூணு தடவை மீன் செத்துப்போச்சு. உங்க வீட்டுக்காரர்தான் அவரு ஸ்பாஞ்சுல பாதி வெட்டிக் கொடுத்தாரு. அதுக்கப்புறம் ஒண்ணுகூடச் சாகல."

கடை அண்ணன் வெட்டிக் கொடுத்த பாதியை அவர் தொட்டித் தண்ணீரோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, குழந்தையைத் தூக்குவதுபோல் மாடிக்குத் தூக்கி வந்தேன். ஃபில்டரில் வைத்தேன். தினம் வாளி, தினம் கால்வாசித் தண்ணீர். ஒரு வாரம் தீபாவளிப் பலகாரம்கூடச் சுடவில்லை. ஆறாம் நாள் தண்ணீர் தெளியத் தொடங்கியது. எட்டாம் நாள் மீன் கண்ணாடியோரம் வந்து என்னைப் பார்த்துச் சாப்பாடு கேட்டது.

இவர் வந்ததும் தொட்டியைக் குனிந்து பார்த்து, "நல்லா காப்பாத்திட்ட மா" என்றார். அவ்வளவுதான், நான் உடைந்துபோனேன்.

"இது செத்திருந்தா நீங்க மறுபடியும் பேசாம உட்கார்ந்துடுவீங்கன்னு பயந்தே செத்தேங்க."

"மீன் செத்தா நான் எதுக்கு மா அப்படி உட்காரப் போறேன்? அப்போ உட்கார்ந்ததுக்குக் காரணம் வேற."

"பின்னே எதனால அப்படி இருந்தீங்க?"

அத்தனை வருஷமாக நான் கேட்காத கேள்வி. பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து சொன்னார். வேலை போன அன்று கடிதத்தோடு மத்தியானமே வந்துவிட்டாராம். படியேறும்போது வாசலில் என் குரல் கேட்டதாம். என் வீட்டுக்காரர் சீக்கிரம் சூப்பர்வைசர் ஆகப்போகிறார் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் நான் பெருமையடித்துக்கொண்டிருந்தேனாம்.

"அதைக் கேட்டுட்டு எப்படி மா மேல வர்றது? சாயந்திரம் வரைக்கும் ரயில் ஸ்டேஷன்லயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் உன் முகத்தைப் பார்த்தா பேச்சே வரல."

நான் அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வாய்க்கு வந்ததையெல்லாம் நான் கத்திய எத்தனையோ சண்டைகளில், ஒரு தடவைகூட இவர் அதைச் சொல்லிக்காட்டியதில்லை.