காய்ச்சல் நாளுக்குச் சம்பளம்

பாளையங்கோட்டையில் ஒரு சிறிய அச்சுக்கூடத்தில் நான் எழுத்துக் கோக்கும் வேலை பார்த்த காலம். மாசியில் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். முதலாளி தம் வீட்டிலிருந்து தினமும் கஞ்சியும் துவையலும் கொடுத்தனுப்பினார். மாதக் கடைசியில், படுத்திருந்த நாட்களுக்கெல்லாம் சம்பளத்தையும் பிடித்துக்கொண்டார். அவரை வாழ்த்துவதா வைவதா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தூத்துக்குடி ஆலையில் வேலையை நிறுத்திக் கூலியை உயர்த்திக்கொண்டார்கள் என்ற செய்தி அந்தச் சமயத்தில்தான் வந்தது. எங்கள் மிஷின்காரருக்கு அது போதும். அச்சு இயந்திரத்தின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அவருக்கு. அவரையே தலைவராக்கி ஒரு சங்கம் வைத்தோம். காய்ச்சல் நாளுக்கும் சம்பளம் வேண்டும் என்பது எங்கள் ஒரே கோரிக்கை.

"காய்ச்சலுக்குச் சம்பளம் குடுத்தா ஊர் பூரா காய்ச்சல் வந்துரும்வே," என்றார் முதலாளி.

வெளியேறி வண்ணார்பேட்டை ஆற்றங்கரையில் மருத மரத்தடியில் உட்கார்ந்தோம். குளித்தோம், துண்டைக் காயப்போட்டோம், மறுபடி குளித்தோம். வேலைநிறுத்தத்தில் வேறு என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

அப்படி இருக்கும்போது ஒருநாள் மிஷின்காரரின் மனைவி அங்கே வந்து நின்றார்.

"நீங்க வேலய நிறுத்துங்க, என்னமும் செய்யுங்க. நம்ம மவ கல்யாணக் கடுதாசி எங்கன?"

கடுதாசி எங்கள் அச்சுக்கூடத்தில்தான் கிடந்தது. எழுத்துக் கோத்து வைத்தவனே நான். அச்சடிப்பதற்குள் எல்லாரும் வெளியே வந்துவிட்டோம். தலைவர் முதன்முறையாகத் தணிந்த குரலில், "சங்கம் கூடித்தான் முடிவு பண்ணணும்," என்றார்.

சங்கம் அங்கேயே ஈர வேட்டியோடு கூடியது.

"கடுதாசிய மட்டும் பைய அடிச்சிட்டு வந்திருவோம்," என்றான் ஒருவன்.

"அதுவும் வேலதானலே?" என்றான் இன்னொருவன்.

நிறுத்தம் என்றால் எல்லாருக்கும்தான் என்று நானும் முழங்கினேன். வேறொருவர் வீட்டுக் கல்யாணம் என்பதால் வீரம் சுலபமாக வந்தது.

அந்த அம்மாள் எங்களைப் பார்த்த பார்வையில் சங்கம் பாதி கலைந்துவிட்டது. நேரே அச்சுக்கூடத்துக்கு முதலாளியைப் பார்க்க நடந்தார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

"அண்ணாச்சி, மாப்பிள்ள ஒங்க அக்கா மவன். பேசி முடிச்சதே நீங்கதான். கடுதாசி இல்லாமக் கல்யாணம் நடந்தா ஒங்க அக்கா யார வைவாவ? இவுகளயா, ஒங்களயா?"

முதலாளிக்கு அக்கா என்றால் உதறல். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாதிச் சம்பளம் தாரேன். ஆனா காய்ச்சலா இல்லயான்னு நானே வந்து நெத்தியத் தொட்டுப் பாப்பேன்."

பாதிதான் என்று எங்களுக்கு வருத்தம். பாதி போய்விட்டதே என்று அவருக்கு வருத்தம். அன்றைக்கே கடுதாசி அச்சாகிவிட்டது.

கல்யாணச் சாப்பாடு அமர்க்களம். பெண்ணின் தகப்பனாரே மூன்று பந்தியில் உட்கார்ந்தாராம். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. முதலாளி என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், நெற்றியில் கை வைத்தார்.

"சில்லுன்னுல்லா இருக்கு?"

"வவுறு, அண்ணாச்சி."

"நாம பேசினது காய்ச்சல்தாம்வே. வவுறு பேச்சுலயே வரல."

சாயங்காலம் சங்கம் மறுபடி கூடியது. தலைவரால் வர முடியவில்லை.