கனடா மார்க்கும் கோர்வை நாடாவும்

அறுபதுகள் முடிகிற சமயம். கனடாவில் ஆளுக்கு மார்க்குப் போட்டுத்தான் நிரந்தரமாகக் குடியேற விடுகிறார்கள் என்று தெரிந்ததும், பிள்ளையார்பாளையத்தில் எங்கள் நெசவாளர் தெருவுக்கே பரீட்சைக் காய்ச்சல் வந்துவிட்டது. பரீட்சை என்னவோ என் வீட்டுக்காரர் ஒருத்தருக்குத்தான். ஆனால் குழாயடிக்குப் போனாலும் பேச்சு அதுதான்.

"படிப்புக்கு முழு மார்க்கும்மா. வயசுக்கும் கொறைக்க மாட்டான். இங்கிலீசு தண்ணி பட்ட பாடு!" என்று எதிர்வீட்டு அக்கா விரலை மடக்குவாள். எனக்குப் பூரித்துப் போகும்.

அவர் அந்த நாட்டிலேயே சாயக் கெமிஸ்ட்ரி படித்துப் பட்டம் வாங்கினவர். படிப்போடு அங்கே தங்கும் அனுமதியும் முடிந்ததால் ஊருக்கு வந்தார், என்னைக் கட்டினார், இங்கிருந்தே விண்ணப்பம் போட்டார். மார்க்குத் தேறினால் இரண்டு பேரும் போகலாம். தேறாவிட்டால் அவ்வளவுதான், கதவைச் சாத்திவிடுவார்கள். நானோ அதற்குள் மனசால் அங்கே குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தேன்.

பதில் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று என் மாமனாரின் தறியில் இறங்கினார். கரையை உடலோடு கோத்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு ஒற்றை ஆள் போதாது. நெய்கிறவர் பக்கத்திலேயே இன்னொருத்தர் உட்கார்ந்து, ஒரு கரைக்கு மட்டும் நூல் வைத்த தனிக் கட்டையை, அதுதான் நாடாவை, எறிந்து எறிந்து வாங்கவேண்டும். சின்ன வயசில் தன் அப்பாவுக்கு இவர் அப்படி உட்கார்ந்தார். இப்போது இவருக்கு நான். யாராவது கேட்டால், "கூட உக்காந்துக்கினு இருக்கேன்" என்பேன்.

மெட்ராஸில் ஒரு ஹோட்டல் அறையில் பேட்டி, மனைவியும் வரவேண்டும் என்று தகவல் வந்தது. கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்வரை பஸ்ஸில் இவர் டையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். "அய்யே, கம்முனு இருங்க!" என்றேன். 

அதிகாரி வெள்ளைக்காரர், டெல்லியிலிருந்து வந்தவர். படிப்பு, வயசு, இங்கிலீஷ் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மார்க்கு எழுதினார். பேனா சந்தோஷமாகத்தான் ஓடியது.

"கனடா போகும் முன்னால் என்ன வேலை செய்தீர்கள்?"

"ஒரு வேலையும் இல்லை சார்."

"எதுவுமே?"

"எதுவுமே இல்லை சார். வீட்டில்தான் இருந்தேன்."

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். மார்க்கு இழுபறியில் நிற்கிறது, கொஞ்சம் குறைகிறது என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! என் எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷில் கைக்கு அகப்பட்டதைப் பிடித்து, "ஹீ டெல்லிங் லை, சார்!" என்று கத்திவிட்டேன்.

குடியேற அனுமதி கேட்க வந்த இடத்தில் பெண்டாட்டியே புருஷனைப் பொய்யன் என்கிறாள்! இவர் முகத்தில் ஈயாடவில்லை. "அடிப்பாவி, இன்னாம்மா சொல்ற?"

"பின்ன இன்னா? விடிஞ்சதும் மாமாகூட தறியில உக்காந்துட்டுத்தானே இஸ்கூலுக்குப் போனீங்க? அது வேலை இல்லாம வெளையாட்டா?"

நாற்காலியை இழுத்து இவர் பக்கத்தில் ஒட்டிப் போட்டேன். மேசையில் இருந்த அதிகாரியின் மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து, நாடா எறிகிற மாதிரி இவர் கைக்குத் தள்ளினேன். யோசிக்காமலே இவர் கை அதை வாங்கியது. கால் தரையை மிதித்தது. மறு கை அங்கே இல்லாத தறிப்பலகையை இழுத்து அடித்தது. கூடு என்னிடம் திரும்பி வந்தது. மறுபடி எறிந்தேன். மறுபடி வந்தது. இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டது, நிறுத்தவும் முடியவில்லை.

பட்டுத்தறி வேலை என்று இவர் இங்கிலீஷில் சொன்னதும் அதிகாரி எழுந்தே வந்துவிட்டார். சின்ன வயசிலிருந்தேவா? பட்டுக்குச் சாயம் காய்ச்சத் தெரியுமா? எல்லாவற்றுக்கும் இவர் தலையாட்டினார்.

"இதை ஏன் சொல்லவில்லை?"

"இது... வீட்டில் எல்லோரும் செய்வதுதானே சார்!"

அதிகாரி உட்கார்ந்தார், எழுதினார், கூட்டினார். பிறகு கையை நீட்டினார். தேறியாயிற்று! எனக்கு அந்த அறையிலேயே குதிக்கவேண்டும் போல இருந்தது.

"இன்னும் ஒன்று பாக்கி," என்று அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?"

"நானா? நத்திங், சார். வீட்டுல சும்மாதான்."

என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "ஷீ டெல்லிங் லை, சார்!"

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். என் பெயருக்கு நேரே இருந்த எதையோ அடித்துவிட்டு, 'நெசவாளி' என்று இங்கிலீஷில் எழுதினார். என் வீட்டுக்காரர் தேறினதுக்குக்கூட எனக்குக் கண் கலங்கவில்லை. மேசைக்கு இந்தப் பக்கமிருந்து அந்த ஒரு வார்த்தையைத் தலைகீழாக எழுத்துக் கூட்டிப் படித்தபோது கலங்கிவிட்டது.