போனில் இருந்த அண்ணன்மார்

உக்குவளையில் தையல் வேலை செய்கிறேன். மெஷின் பழுதானபோது அவசரத்துக்குப் போனில் ஒரு கடன் செயலியில் பணம் எடுத்தேன். அது கேட்டதற்கெல்லாம் ‘சரி’ என்று அழுத்தினேன்.

தவணை பிந்தியதும், வழக்கமாக வரும் மீன்காரர் வாசலில் வந்து நின்றார்.

“தங்கச்சி, நான் ஒங்க கூடப்பொறந்த அண்ணனாம். ஒங்க கடனை என்னைய கட்டச்சொல்லி போன்ல அசிங்கமா ஏசுறாங்க.”

ஆட்டோக்காரருக்கும் அதே ஏச்சு. போனில் ‘மீன் அண்ணன்’, ‘ஆட்டோ அண்ணன்’ என்றுதானே பதிந்து வைத்திருந்தேன்!

கடன் கம்பனிக்குப் போன் எடுத்து முறையிட்டேன். “நம்பர்களைப் பார்க்க மிஸ்தானே அனுமதி குடுத்தீங்க?” என்றாள் ஒருத்தி. எத்தனை தடவை எடுத்தாலும் அதே பதில்தான். அலுத்துப்போய், கேட்ட வட்டியோடு கட்டி முடித்தேன்.

இப்போது எந்தச் செயலி நம்பர்களைக் கேட்டாலும் ‘வேண்டாம்’ என்றே அழுத்துகிறேன். மீன்காரர் இன்னும் வருகிறார். “மீன் வேணுமா, மிஸ்?” என்றுதான் கேட்கிறார்.