வாளிக்குள் விட்ட ஒரு செம்புத் தண்ணீர்

எனக்கு எண்பத்திரண்டு வயது. பெற்று வளர்த்தது ஐந்து. மாடுகளையும் சேர்த்தால் விரல் காணாது. அப்படிப்பட்ட என் முன்னால், நேற்று எதிர்வீட்டில் சாவுத் துடக்குக் கழிவுக்குக் கடையில் வாங்கிய கோசலத்தைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். போத்தலில் அடைத்த மாட்டு மூத்திரம்! திறந்து மணந்தேன். அதற்குள் மாடே இல்லை. அந்த எரிச்சலில்தான், நான் சொல்லச் சொல்ல எழுதப் பேத்தியை இருத்தினேன்.

புத்தூரில் என் மாடு சிவப்பி கட்டி நின்ற காலம். கம்பஸில் படித்த ஒரு தம்பி ஆராய்ச்சிக்கென்று சைக்கிளில் வந்து, யூரியா கரைத்துத் தெளித்து மூடி வைத்த வைக்கோலை அவளுக்குத் தீனியாகப் போட்டார். பயிருக்குப் போடும் உரத்தை மாட்டுக்கா என்று பாய்ந்தேன்.

"அம்மா, மாட்டின்ரை வயித்துக்குள்ளை கண்ணுக்குத் தெரியாத சீவனுகள் இருக்கு. உதிலை இருக்கிற நைதரசனைத் திண்டுதான் அதுகள் பெருகும். பிறகு மாடு அதுகளையே செமிக்கும். எவ்வளவு பெருகினது எண்டு மூத்திரத்திலை தெரியும்."

"அப்ப நான் பெத்ததுகள் திண்டதையும் உப்பிடிப் பாத்திருக்கலாமே?"

தம்பி சிரிக்கவில்லை. அவருடைய படிப்பே அந்த மூத்திரத்தில்தான் தங்கியிருந்தது. ஆறு நாள், ஒரு துளி சிந்தாமல் பிடிக்க வேண்டும். பிடிப்பது யார்? நான்தான். வாலைத் தூக்கினால் வாளியோடு ஓட வேண்டும். சிவப்பியோ வீம்புக்காரி. நான் தேத்தண்ணியை வாயில் வைக்கும்வரை பொறுத்திருப்பாள்.

நாலாம் நாள் காலை, பக்கத்து வீட்டு மகேசு செம்போடு வந்து நின்றாள். "எணை அக்கா, இண்டைக்கு அம்மான்ரை துடக்குக் கழிவு. ஐயர் வந்து பாத்துக்கொண்டு இருக்கிறார்."

செத்த வீட்டுக்குக் கோசலம் இல்லை என்று சொல்லும் வாய் எங்கள் ஊரில் யாருக்கு இருந்தது? வாளியிலிருந்து ஒரு செம்பு வார்த்தேன். குறைந்தால் தம்பி ஏசுவாரே என்று கிணற்றுத் தண்ணீர் ஒரு செம்பு விட்டேன். அளவு சரி. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு கிழமை கழித்துத் தம்பி வாடிப்போய் வந்தார். "நாலாம் நாள் மட்டும் பிழைக்குது அம்மா. தண்ணி கலந்த மாதிரி. மாட்டிலை ஏதும் வருத்தமோ தெரியேல்லை. வேறை மாடுதான் பாக்க வேணும்."

என்னைச் சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். சிவப்பியைச் சொன்னால் விடுவேனா? நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு குந்தினார்.

"குடுக்கிறதைக் குடுத்திருக்கலாமே அம்மா! எவ்வளவு குடுத்தனீங்கள் எண்டு சொல்லியிருந்தால் காணும். தண்ணி ஏன் விட்டனீங்கள்?"

"உதை முதலே சொல்றதுக்கென்ன?" நானும் ஏசினேன்.

சரி, இன்னொருக்கால் ஆறு நாள் பிடிப்போம் என்று எழும்பிப் போனார். அதற்குள் சண்டை தொடங்கி, அரசாங்கத்தின் தடை வந்தது. யூரியா ஒரு பை கூடக் குடாநாட்டுக்குள் வர விடவில்லை. தம்பி நாலைந்து முறை வந்து, என்னையும் சிவப்பியையும் பார்த்துவிட்டுப் போனார். பிறகு சைக்கிள் சத்தமும் இல்லை. சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பி நடந்த அன்று சிவப்பியின் கயிற்றை அறுத்துவிட்டேன். திரும்பி வந்தபோது கொட்டில் நின்ற இடத்தில் பற்றைக்காடுதான். அந்த ஆறு நாளை நான் அவருக்குப் பிடித்துக் கொடுக்கவேயில்லை.

எங்கை, எழுதினதை வாசி பிள்ளை. நீ தண்ணி விட்டிருந்தால் எனக்குத் தெரியும்.