டிக்கெட் எடுக்க மாட்டேன் என்றவர்

என் பீரோவின் கீழ்த்தட்டில், வேட்டிகளுக்கு அடியில், ஒரு சின்ன மஞ்சள் லைஃப் ஜாக்கெட் இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தைக்கான அளவு. தலை வழியாக மாட்டி, இடுப்பில் கொக்கியைப் பூட்ட வேண்டும். ஓரத்தில் ஒரு விசில் தொங்குகிறது. இதுவரை யாரும் அதை ஊதியதில்லை. கல்லிடைக்குறிச்சியில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று உட்கார்ந்திருக்கும் ஒருவன் வீட்டில் இதற்கு என்ன வேலை என்று கேட்டால், நான் என் முதலாளியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

முதலாளி காற்றாலைகளைப் பராமரிக்கும் ஒப்பந்தங்கள் எடுத்துப் பெரிய ஆளானவர். நான் அவரிடம் இருபத்திரண்டு வருடம் மேலாளராக இருந்தேன். மேலாளர் என்பது பெயருக்கு. அவர் சொல்வதற்குத் தலையாட்டுவதுதான் உண்மையான உத்தியோகம். நல்ல மனிதர். ஆனால் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்கத் தெரியாது. அவருடைய ஒரே மகள் மாலத்தீவுக்கு ஆசிரியையாகப் போனாள், அங்கேயே உடன் வேலை பார்த்த உள்ளூர்க்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். சேதி தெரிந்த அன்று ஆபீஸில் என் கண் முன்னால்தான் போனில் கத்தினார்: "ஒன்னயப் பாக்கதுக்கு நான் ஒரு டிக்கெட் எடுக்க மாட்டேன், பாத்துக்கோ. முருகன் மேல சத்தியம்." தாயில்லாத பெண். அவளுக்கும் அப்பாவின் ரத்தம்தானே, அவர் கூப்பிடாமல் இந்தப் படி ஏறுவதில்லை என்று இருந்துவிட்டாள். என்னோடு மட்டும் எப்போதாவது பேசுவாள்.

நான்கு வருடம் கழித்து அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. என் போனுக்கு வந்த படத்தைத் தயங்கித் தயங்கி முதலாளியிடம் நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பத்து நாள் கழித்து, "பிளேன் ஓட்டப் படிக்க எத்தன மாசம் ஆகும்வே?" என்றார். எனக்குப் புரியவில்லை. "திருவனந்தபுரத்துல ஏறுனா ஒண்ணேகால் மணி நேரம் முதலாளி. டிக்கெட் போட்டுரட்டுமா?" என்று உளறினேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பிளேன் நம்மளதுன்னா டிக்கெட் எதுக்குவே?" என்றார்.

விளையாட்டு என்று நினைத்தேன். ஐம்பத்தெட்டு வயதில் போய்ப் படித்துத் தேறினார். நாலு பேர் உட்காரக்கூடிய ஒரு பழைய விமானத்தை வாங்கி, பயிற்சிப் பள்ளியின் கொட்டகையில் நிறுத்தினார். இரண்டு நாட்டு அனுமதிகளுக்கும் மனு எழுதுவது என் பாடு. எந்தத் தீவில் இறங்கலாம், அங்கே இந்த எஞ்சினுக்கான பெட்ரோல் கிடைக்குமா, கடல் மேல் எஞ்சின் நின்றால் எவ்வளவு தூரம் காற்றில் மிதந்து போகலாம் என்று கேட்டு எழுதியே ஒரு வருடம் ஓடிற்று. ஆபீஸ் மேசையில் கடல் வரைபடத்தை விரித்து, நடுக்கடலில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். "இந்தக் கோட்டத் தாண்டிட்டம்னா திரும்புததுதான்வே தூரம். அவ ஊரு பக்கம்" என்று அடிக்கடி சொல்வார்.

லைஃப் ஜாக்கெட் பெரியவர்களுக்கு நான்கும் பேத்திக்கு ஒன்றும் வந்திறங்கின. தீவில் இறங்கியதும் பேத்தியை ஏற்றிக்கொண்டு கடலை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டுமாம். தன்னுடையதைச் சோதித்துப் பார்க்க என்னையும் ஆற்றுக்கு அழைத்துப் போனார். அதிலுள்ள குழாயில் வாய் வைத்து ஊதி, மஞ்சள் பலூன் மாதிரி உப்பிப்போய், தாமிரவருணியில் மல்லாந்து கிடந்தார். படித்துறையில் துணி துவைத்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். "அண்ணாச்சி, இடுப்பளவு தண்ணிதான் கெடக்கு, எந்திரிச்சு நில்லுங்க" என்று ஒருவர் குரல் கொடுத்தார். முதலாளி சிரித்தார். மகள் போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

தை மாதம் புறப்படுவதாக ஏற்பாடு. அதற்கு முன் விமானிகளுக்கான உடல் தகுதிச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கிடைத்த தேதி ஐப்பசியில், கந்த சஷ்டியின் ஐந்தாம் நாள். முதலாளி அந்த வருடம் ஆறு நாளும் விரதம் இருந்தார்; காலையில் ஒரு டம்ளர் பால், அவ்வளவுதான். மகளைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் விரதம். என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு, "வெளிய மூச்சு விடப்படாது. சொல்லிக் காட்டுனா பலன் போயிரும்வே" என்றார். தேதியைத் தள்ளி வாங்கலாம் என்றேன். "முருகன் பாத்துக்கிடுவான்" என்று முடித்துவிட்டார்.

மருத்துவர் நம் பக்கத்துக்காரர்தான், மரியாதையானவர். இதயத்தைச் சோதிக்க டிரெட்மில் என்கிற ஓடும் பட்டையில் ஏற்றுவதற்கு முன்னால், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். நம் ஊரில் யார் இப்படிக் கேட்டாலும் என்ன சொல்வோமோ அதையே முதலாளியும் சொன்னார்: "ஆச்சு, ஆச்சு." பட்டினி கிடந்தாலும் அந்தக் கேள்விக்கு வேறு பதில் நம் வாயில் வருவதில்லை. அது மரியாதைக்குக் கேட்ட கேள்வியில்லை, மருத்துவர் கேட்ட கேள்வி என்று எனக்கு உறைத்தது. இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். நாலு பேர் எதிரில் முதலாளி சொன்னதை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. பட்டை ஓடத் தொடங்கிய ஏழாவது நிமிடம் அவர் கால் பின்னியது. நான் பிடிப்பதற்குள் விழுந்துவிட்டார்.

வயிறாரச் சாப்பிட்ட மனிதர் மயங்கி விழுந்தால் இதயத்திலோ மூளையிலோ கோளாறு இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. விமானம் ஓட்டத் தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். திரும்பும்போது காரில், "நான் மட்டும் போயி உள்ளதச் சொல்லிட்டு வாரேன் முதலாளி" என்றேன். "என்னன்னு சொல்லப் போறீரு? டாக்டர்ட்ட பொய் சொன்னேன்னா? இல்ல, விரதத்தப் பறையடிக்கப் போறீரா? பேசாம வாரும்" என்றார். பேசாமல் வந்தேன். இன்று நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதன் பிறகு ஊர் ஊராகப் பரிசோதனை. எதிலும் ஒன்றும் தெரியவில்லை. தெரியாததாலேயே இன்னொரு பரிசோதனை எழுதினார்கள். தை போயிற்று, பங்குனியும் போயிற்று. ஒருமுறை அவருக்குத் தெரியாமல் அவர் பெயரில் மாலேக்கு ஒரு டிக்கெட் போட்டு மேசையில் வைத்தேன். "நீரு எடுத்தாலும் நான் எடுத்த மாதிரிதான்வே" என்றார். ஆனால் கிழித்துப் போடவில்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டிக்கெட்டில் போட்டிருந்த நாளில், விமானம் புறப்படும் நேரத்துக்கு அந்தச் சட்டையோடுதான் ஆபீஸில் உட்கார்ந்திருந்தார். நானும் எதிரே உட்கார்ந்திருந்தேன். மறு வருடம், ஒரு காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சாய்ந்தார். அப்போதுதான் உண்மையிலேயே நெஞ்சுவலி. விமானத்தை விற்றார்கள். ஆபீஸைக் காலி செய்தபோது சின்ன ஜாக்கெட்டை மட்டும் நான் எடுத்து வந்துவிட்டேன். காரியத்துக்கு வந்த மகளிடம் அதைக் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போன மாதம் அப்பாவின் வீட்டு விவகாரமாக ஊருக்கு வந்தவள், குழந்தையோடு என் வீட்டுக்கும் வந்தாள். பேத்திக்கு இப்போது ஒன்பது வயது; முதலாளியின் அதே அகல நெற்றி. பீரோவிலிருந்து ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். குழந்தை தலை வழியாக மாட்டிக்கொண்டு கொக்கியை இழுத்தாள். எட்டவில்லை. "இது யாரோடது?" என்று கேட்டாள். "ஒனக்கு வாங்குனதுதான் தாயி" என்றேன். "ரொம்பச் சின்னதா இருக்கே" என்று கழற்றி என் மடியில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வர மனசில்லாமத்தான் பிளேனு அது இதுன்னு நாளக் கடத்துனாகளோன்னு இன்னும் நெஞ்சுல இருக்கு அண்ணாச்சி. ஒடம்பு சரியில்லன்னாகளே, அதாச்சும் நெசமா?" என்றாள். உனக்காக ஐந்து நாள் பட்டினி கிடந்துதான் அம்மா உன் அப்பா விழுந்தார் என்று சொல்ல வாயெடுத்தேன். 'சொல்லிக் காட்டுனா பலன் போயிரும்வே' என்ற குரல் காதில் விழுந்தது. இனி என்ன பலன் போவதற்கு இருக்கிறது? இருந்தும் "நெசந்தாம்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன அண்ணாச்சி, சோர்ந்து போயி இருக்கீக. சாப்பிட்டாச்சா?"

அவள் வருகிறாள் என்ற படபடப்பில் காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

"ஆச்சும்மா, ஆச்சு" என்றேன். மடியில் அந்த ஜாக்கெட் பூட்டாத கொக்கியோடு கிடந்தது.